ஒன்பது மாதம் கழித்து ஒரு காட்சி கையை இழுத்தது: திரையும் நம் பழக்கங்களும்

கடைசிப்பெட்டி

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

சிகரெட்டை விட்டு ஒன்பது மாதம் ஆகிறது. பதினாறு வருடப் பழக்கம். முதல் மூன்று வாரம் பட்ட பாட்டை எழுத வேண்டியதில்லை, பட்டவர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு பெரிய தொந்தரவு இல்லை. அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் வெளியே போய்ப் பிடித்துவிட்டு வருவார்கள், வாடை அடிக்கும், எனக்கு ஒன்றும் செய்யாது. மீண்டுவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை ராத்திரி மனைவியோடு உட்கார்ந்து ஒரு வெப் தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது எபிசோடில் கதாநாயகன் அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்து வாசற்படியில் உட்காருகிறான். வசனம் கிடையாது, இசை கிடையாது. தீக்குச்சி உரசுகிற சத்தம் மட்டும். அப்புறம் புகை மெதுவாக மேலே போகிறது. என் வலது கை நெஞ்சுப் பக்கம் போய்ச் சட்டைப் பையைத் தடவியது. போட்டிருந்தது வீட்டில் போடும் பனியன். அதில் பையே கிடையாது.

மனைவி பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள். அன்று இரவு இரண்டு மணி வரை தூக்கம் வரவில்லை.

நேரில் பத்தடி தூரத்தில் ஒருவர் பிடித்தால் அசையாத நான், திரையில் ஒருவன் பிடித்ததற்கு ஏன் இப்படி ஆனேன்? இது என் பலவீனமா, எல்லாருக்கும் நடப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி

தம்பி, முதலில் ஒன்பது மாதத்துக்குக் கை கொடுங்கள். சின்ன விஷயம் இல்லை அது.

பலவீனம் என்ற சொல்லை விட்டுவிடுங்கள். குடி, புகை மறுவாழ்வு வார்டில் பதினோரு வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். உங்கள் கைக்கு நடந்ததை ஸ்கேனிலேயே பார்த்திருக்கிறார்கள். 2011-ல் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் புகைபிடிப்பவர்கள் 17 பேரையும் பிடிக்காதவர்கள் 17 பேரையும் எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து ஒரு படத்தின் முதல் அரை மணி நேரத்தைப் போட்டுக் காட்டினார்கள். எதற்கு என்று சொல்லவில்லை, சும்மா பாருங்கள் என்றார்கள். எல்லாரும் வலது கைக்காரர்கள். திரையில் யாராவது சிகரெட் பிடிக்கும்போது, புகைபிடிப்பவர்களின் மூளையில் ஆசையைக் கிளப்புகிற பகுதிகள் மட்டும் எழவில்லை. கை அசைவைத் திட்டமிடுகிற இடப்பக்கப் பகுதியும் சேர்ந்து எழுந்தது. வலது கையை ஆள்வது மூளையின் இடப்பக்கம்தானே. உடம்பு அசையாமல் படுத்திருக்க, மூளை மட்டும் சிகரெட்டை எடுத்து வாயில் வைக்கத் தயாராகிவிட்டது.

பதினாறு வருடம், ஒரு நாளைக்குப் பத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு சிகரெட்டுக்குப் பத்துத் தடவை கை மேலே போய்க் கீழே வரும். எத்தனை லட்சம் தடவை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்தக் கைக்கு ஒன்பது மாதம் நீண்ட காலம் இல்லை.

எங்கள் வார்டில் பொதுக்கூடத்தில் ஒரு டிவி உண்டு. நான் சேர்ந்த புதிதில் ரிமோட் நோயாளிகள் கையில்தான் இருந்தது. சாயங்காலம் படம் ஓடும். நண்பர்கள் கூடிக் குடிக்கிற காட்சி வந்தால் கூடத்தில் பேச்சு நின்றுவிடும். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அன்று ராத்திரிதான் தூக்க மாத்திரை அதிகம் கேட்பார்கள். இரண்டு மாதம் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டினேன். அதற்கப்புறம் ரிமோட் எங்கள் மேசைக்கு வந்துவிட்டது.

பழக்கத்தில் சிக்காதவர்களுக்கும் இது உண்டு. நெதர்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள், 2009-ல் வெளியானது. வீட்டு ஹால் மாதிரியே ஓர் அறை. சோபா, டிவி, பக்கத்தில் ஒரு குளிர்பெட்டி, அதில் பீரும் உண்டு, மது இல்லாத பானமும் உண்டு. 80 இளைஞர்கள், நண்பனோடு ஜோடி ஜோடியாக வந்து ஒரு மணி நேரம் படம் பார்த்தார்கள். சிலருக்குக் குடிக்காட்சி நிறைய வருகிற படம், சிலருக்கு அதிகம் வராத படம். நடுவில் விளம்பரம், அதிலும் சிலருக்கு மது, சிலருக்கு வேறு. படத்திலும் விளம்பரத்திலும் குடியைப் பார்த்தவர்கள் சராசரியாக மூன்று கிளாஸ் குடித்தார்கள். இரண்டிலும் பார்க்காதவர்கள் ஒன்றரை. யாரும் யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. குளிர்பெட்டி எல்லாருக்கும் ஒரே தூரத்தில்தான் இருந்தது.

பழையவாசகன்

அம்மா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் என் பக்கத்தையும் சொல்லவேண்டும்.

வயது அறுபத்திநான்கு. ஐம்பது வருடமாகப் படம் பார்க்கிறேன், வாரம் இரண்டு மூன்று. திரையில் நான் பார்த்த சிகரெட்டை அடுக்கினால் ஒரு வீடு நிறையும். ஒரு தடவைகூட வாயில் வைத்ததில்லை. என் அப்பா தியேட்டர் வாசலை மிதிக்காதவர், டிவி வந்தபோது அதை வாங்கவும் விடாதவர். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை புகைதான். நுரையீரல் போய்த்தான் போனார்.

அதனால் படத்தின்மேல் பழியைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மனிதன் படம் கண்டுபிடிப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே குடித்தான், புகைத்தான். குடிக்கிற ஆசை உள்ளவன் அந்த மாதிரிப் படத்தைத் தேடிப் போகிறான். படம் பார்த்ததால் குடித்தானா, குடிப்பவன் என்பதால் படம் பார்த்தானா? இதைப் பிரித்துச் சொல்லமுடியுமா யாராலாவது?

எண்ணும்எழுத்தும்

ஐயா கேட்டதுதான் இந்தத் துறையின் முதல் கேள்வியே. புள்ளியியல் எனக்குத் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் நீளமாகவே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன் எது, பின் எது என்று பிரிக்க வேண்டுமானால் இன்னும் ஆரம்பிக்காதவர்களைப் பிடித்துத் தொடரவேண்டும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநிலங்களில் அப்படிச் செய்தார்கள், முடிவு 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 10 முதல் 14 வயதுக்குள் உள்ள, அதுவரை ஒரு இழுப்புகூட இழுத்திராத 2,603 பிள்ளைகள். 601 படங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் எத்தனை முறை புகை வருகிறது என்று ஆள் வைத்து எண்ணினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிலிருந்து குலுக்கல் முறையில் 50 படத்தின் பெயர். எதையெல்லாம் பார்த்தாய் என்பது மட்டும்தான் கேள்வி. இந்தக் கேள்வியின் அழகு அதுதான். சிகரெட்டைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று பிள்ளைக்குத் தெரியாது, அதனால் கூட்டியோ குறைத்தோ சொல்லக் காரணமில்லை.

ஒன்றிலிருந்து இரண்டு வருடம் கழித்து மறுபடி விசாரித்தார்கள். திரைப்புகையை மிகக் குறைவாகப் பார்த்த கால் பங்குப் பிள்ளைகளில் 3 சதவீதம் பேர் சிகரெட்டைத் தொட்டிருந்தார்கள். மிக அதிகமாகப் பார்த்த கால் பங்கில் 17 சதவீதம். இதில் எல்லாமே படத்தின் வேலை இல்லை. கூட்டாளி பிடிக்கிறானா, அண்ணன் பிடிக்கிறானா, பிள்ளை துணிச்சல்காரனா, அடங்காதவனா, வீட்டில் கண்டிப்பு எப்படி என்பதையெல்லாம் கழித்தார்கள். ஐயா சொன்ன "ஆசை உள்ளவன் தேடிப்போகிறான்" என்பதும் இந்தக் கழித்தலில் அடக்கம். கழித்த பிறகும் 2.7 மடங்கு வித்தியாசம் நின்றது.

இதன் வரம்பையும் சொல்லவேண்டும். இது சோதனைக்கூடப் பரிசோதனை இல்லை, கவனித்துத் தொடர்ந்தது. நாம் அளக்காமல் விட்ட ஏதோ ஒன்று உள்ளே ஒளிந்திருக்கலாம். அந்தக் கட்டுரையில், புதிதாகத் தொடங்கியவர்களில் பாதிப்பேர் திரையால்தான் தொடங்கினார்கள் என்று ஒரு கணக்கும் வரும், 52 சதவீதம். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. பழி முழுக்கத் திரையுடையது என்று ஏற்றுக்கொண்டால் மட்டுமே அந்தக் கணக்கு வரும். ஆனால் திசையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஜெர்மனி, ஐஸ்லாந்து, இத்தாலி, நெதர்லாந்து, போலந்து, ஸ்காட்லாந்து என்று ஆறு நாடுகளில் 16,551 மாணவர்களிடம் கேட்டபோதும் அதே பக்கம்தான் சாய்ந்தது, புகைக்கும் சரி, அளவு மீறிய குடிக்கும் சரி. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2008-லும், அந்நாட்டுத் தலைமைச் சுகாதார அதிகாரியான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை 2012-லும் "தொடர்பு" என்ற சொல்லோடு நிற்காமல் "காரணம்" என்றே எழுதின. அந்தச் சொல்லை அவர்கள் லேசில் எழுதமாட்டார்கள்.

ஐயாவின் அப்பா கதைக்கு வருகிறேன். அந்த 2003 ஆய்வில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. பெற்றோர் புகைபிடிக்காத வீட்டுப் பிள்ளைகளிடம்தான் திரையின் பிடி அதிகமாக இருந்தது, பெற்றோர் பிடிக்கிற வீட்டில் குறைவு. ஏன் என்பதற்கு என் ஊகத்தைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் விடிகாலையில் அப்பா இருமுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். விரல் மஞ்சளாக இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். திரையில் வந்த சிகரெட் எதுவும் அந்த இருமலை உங்களிடமிருந்து அழித்திருக்க முடியாது.

பழையவாசகன்

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இருமல் என்று சரியாகச் சொன்னீர்கள். ஐந்து மணிக்கு எனக்கு அலாரமே அதுதான்.

வெட்டுமேசை

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இந்த இருமலுக்கு நான் பதில் சொல்லவேண்டியவன்.

நான் பட எடிட்டர். எந்தப் படம் என்று கேட்காதீர்கள்.

இயக்குநர்கள் ஏன் சிகரெட்டை விடுவதில்லை என்று முதலில் சொல்கிறேன். நடிகருக்குக் கையை என்ன செய்வதென்று தெரியாது. சும்மா நில் என்றால் பெரிய நடிகரே தடுமாறுவார். சிகரெட் கொடுத்தால் கைக்கு வேலை வந்துவிடும், கண்ணுக்கு ஒரு இடம் கிடைத்துவிடும். பின்னாலிருந்து வெளிச்சம் போட்டால் புகைக்கு ஓர் உருவம் வரும், வெறும் சுவர் காட்சியாகிவிடும். எனக்கும் வசதி. நடிகர் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஊதுகிற இடைவெளியில் பார்வையாளர் அவர் யோசிக்கிறார் என்று எடுத்துக்கொள்வார். அவர் ஒன்றுமே யோசித்திருக்கமாட்டார். துக்கம், தனிமை, முடிவெடுக்கும் நேரம் எல்லாவற்றுக்கும் இதே குறுக்குவழி. கடைசிப்பெட்டி நண்பர் பார்த்த வாசற்படிக் காட்சியை நான் பார்க்காமலே வெட்டிக் கொடுப்பேன். அவ்வளவு பழகிய இலக்கணம் அது.

இப்போது இருமல். ஒரு காட்சிக்குப் பத்து, பதினைந்து டேக் போகும். ஒவ்வொரு டேக்குக்கும் புது சிகரெட். முந்தின ஷாட்டில் எவ்வளவு நீளம் எரிந்திருந்ததோ அந்த அளவுக்கு வெட்டிப் பற்றவைத்துக் கொடுப்பார்கள், இல்லையென்றால் கன்டினியூட்டி போய்விடும். சில நடிகர்கள் நிஜத்தில் பிடிக்காதவர்கள், அவர்களுக்கு மூலிகை சிகரெட் கொடுப்பார்கள். நிக்கோடின் இல்லையே தவிர, எரிகிற இலை எரிகிற இலைதான், தாரும் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போகத்தான் செய்யும். ஆறாவது ஏழாவது டேக்கில் இருமல் ஆரம்பிக்கும். கண் கலங்கும். ஒரு இளம் நடிகர் பன்னிரண்டாவது டேக் முடிந்ததும் எழுந்து ஓடியது என்னிடம் வந்த ரஷ்ஷில், அதாவது வெட்டாத படப்பதிவில், இருக்கிறது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாந்தி எடுக்கிற சத்தம் சவுண்ட் டிராக்கில் தெளிவாகக் கேட்கும்.

அதையெல்லாம் வெட்டுவது என் வேலை. இருபது வருடத்தில் எத்தனை இருமலை எடுத்துப் போட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. படத்தில் இருமல் வந்தால் அந்தப் பாத்திரம் சாகப்போகிறது என்று அர்த்தம், அதற்காக மட்டும் வைத்துக்கொள்வோம். மற்ற நேரத்தில் சிகரெட் என்றால் சுத்தமான, சத்தமில்லாத, அழகான புகை. பார்வையாளர் கையில் நாங்கள் கொடுப்பது இருமல் நீக்கிய சிகரெட்.

தாழ்வாரம்

இதைப் படித்ததும் உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு கேள்வி மனதில் உறுத்துகிறது, கேட்டுவிடுகிறேன். இது வெறும் பழக்கத்தால் நடப்பதா? கம்பெனிக்காரர்கள் காசு கொடுப்பதில்லையா?

வெட்டுமேசை

எனக்கு யாரும் கொடுத்ததில்லை, நான் வேலை செய்த இடத்தில் கேள்விப்பட்டதும் இல்லை. ஆனால் இந்த இலக்கணம் தானாக முளைக்கவில்லை. ஹாலிவுட்டில் 1920-களின் கடைசியிலிருந்து சிகரெட் கம்பெனிகள் நட்சத்திரங்களுக்குப் பணம் கொடுத்து விளம்பரத்தில் வரவைத்தன. ஸ்டுடியோவுக்கும் லாபம், அந்த விளம்பரத்திலேயே புதுப் படத்தின் பெயரும் வந்துவிடும். பிற்பாடு படத்துக்குள்ளேயே இடம் வாங்கினார்கள். 1983-ல் சில்வஸ்டர் ஸ்டலோன் ஒரு கம்பெனிக்கு எழுதிய கடிதம் பிற்பாடு வெளியே வந்தது. ஐந்து படங்களில் அவர்களுடைய சிகரெட்டைப் பயன்படுத்த 5 லட்சம் டாலர். 1989-ல் ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஒரு பிராண்ட் வருவதற்கு மூன்றரை லட்சம் டாலர் கொடுத்தார்கள். 1998-ல் அமெரிக்க மாநிலங்களோடு செய்த பெரிய ஒப்பந்தத்தில்தான் காசு கொடுத்துப் படத்தில் நுழைவது அங்கே தடையானது.

தடை வந்தபிறகும் திரையில் புகை நிற்கவில்லை. எழுபது வருடம் காசு கொடுத்துக் கற்றுக்கொடுத்ததை நாங்கள் காசில்லாமலே செய்துகொண்டிருக்கிறோம்.

ஜோ எஸ்டர்ஹாஸ் என்று ஒரு திரைக்கதை ஆசிரியர், தொண்ணூறுகளில் பெரிய கை. சிகரெட்டைக் கவர்ச்சியின் அடையாளமாகவே வைத்து எழுதியவர், தானும் விடாமல் பிடித்தவர். 2001-ல் தொண்டைப் புற்றுநோய் வந்து குரல்வளையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் நியூயார்க் டைம்ஸில், என் கையில் ரத்தம் இருக்கிறது என்ற பொருள்பட எழுதினார். இனி படங்களில் புகையைக் காட்டாதீர்கள் என்று தன் தொழிலில் உள்ளவர்களைக் கேட்டுக்கொண்டார். அதைப் படித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

நீலக்குடை

புகை, குடி மட்டும் பேசுகிறோம். சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்று கேட்கிறேன்.

பதினைந்து வயதில் எனக்கு ஒரு சீரியல் பைத்தியம். அதில் வருகிற தங்கைப் பாத்திரம், அவள் இடுப்பு, அவள் மணிக்கட்டு. அந்த மணிக்கட்டோடு என் மணிக்கட்டைக் கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்ப்பேன், தினமும். அதற்கப்புறம் நடந்ததை விவரமாக எழுதமாட்டேன், இதைப் படிக்கும் யாருக்காவது வழி சொன்ன மாதிரி ஆகிவிடும். மூன்று வருடம் போனது, என் எலும்பில் இன்றும் அதன் கணக்கு இருக்கிறது. யாரும் என்னிடம் ஒல்லியாகு என்று சொன்னதில்லை. சீரியலில் வந்த அந்த வீட்டில் ஒல்லியானவளைத்தான் எல்லாரும் கொஞ்சினார்கள், அவ்வளவுதான்.

பிற்பாடு ஃபிஜி ஆய்வைப் படித்தபோது அழுதுவிட்டேன். ஆன் பெக்கர் என்ற ஹார்வர்டு மருத்துவர் செய்தது. ஃபிஜித் தீவில் நட்ரோங்கா என்ற பகுதிக்கு 1995-ல்தான் டிவி வந்தது. அதுவரை அங்கே உடம்பு வாட்டசாட்டமாக இருப்பதுதான் அழகு, யாராவது இளைத்தால் வீட்டில் கவலைப்படுவார்கள். டிவி வந்த சில வாரங்களில் பள்ளி மாணவிகளிடம் உணவு பற்றிய மனநிலையை அளந்தார்கள், மூன்று வருடம் கழித்து அதே வயது மாணவிகளிடம் மறுபடி அளந்தார்கள். கவலைப்படவேண்டிய அளவுக்கு மதிப்பெண் வந்தவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகிவிட்டார்கள். 1998-ல் கேட்டபோது நான்கில் மூன்று பேர், நான் குண்டாக இருக்கிறேன் என்று தோன்றுவதுண்டு என்றார்கள். சின்ன ஆய்வு, ஒவ்வொரு முறையும் அறுபது சொச்சம் பேர்தான், எண்ணும்எழுத்தும் ஐயா அதைச் சொல்வார் என்று தெரியும். ஆனால் டிவி வருவதற்கு முன், வந்ததற்குப் பின் என்று கோடு போட்டுப் பார்க்கக்கூடிய இடம் உலகத்தில் எத்தனை இருக்கும்?

எண்ணும்எழுத்தும்

அம்மா, சின்ன ஆய்வு என்பது உண்மைதான். அந்தப் பெண்களே பேட்டியில் திரையில் வருபவர்கள் மாதிரி ஆகவேண்டும் என்று சொன்னார்கள் என்பதும் உண்மைதான். இரண்டாவதை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

சாப்பாட்டில் எதிர்த்திசையும் உண்டு. பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் போட்டு, பக்கத்தில் கொறிக்க ஏதாவது வைத்தார்கள். நடுவில் தின்பண்ட விளம்பரம் வந்தால், வேறு விளம்பரம் பார்த்தவர்களைவிட 45 சதவீதம் அதிகம் தின்றார்கள். அமெரிக்காவில் செய்த ஆய்வு, 2009. விளம்பரத்தில் வந்தது ஒன்று, அவர்கள் கையில் இருந்தது வேறு. இது பிராண்டு விற்பதைத் தாண்டிய விஷயம், வாயையே திறந்துவிடுகிறது.

உட்கார்ந்திருப்பதன் கேடு தனி. ஆஸ்திரேலியாவில் 8,800 பேரை ஆறு வருடத்துக்கு மேல் தொடர்ந்ததில், தினமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் டிவி பார்ப்பவர்களுக்கு, இரண்டு மணிக்குள் பார்ப்பவர்களைவிட இறப்பு அபாயம் 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதற்குத் தனி இழைதான் வேண்டும்.

இரவுப்பணி

எல்லாரும் கெடுதலைப் பற்றியே பேசுகிறோம். இதே வலிமை நல்லதுக்கும் வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

1988-ல் ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியின் ஜே வின்ஸ்டன் என்பவர் அமெரிக்க டிவி எழுத்தாளர்களைத் தேடிப் போய் ஒன்று கேட்டார். குடிக்கு எதிராகத் தனி எபிசோட் வேண்டாம், பிரசங்கம் வேண்டாம். கூட்டமாகப் போகிற காட்சியில், இன்று நான்தான் வண்டி ஓட்டப்போகிறேன், எனக்கு வேண்டாம் என்று ஒருவர் சொல்கிற ஒற்றை வரி போதும். நான்கு சீசனில் 160-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் அந்த வரி வந்தது. குடிக்காமல் வண்டி ஓட்டுபவர் என்ற அந்தச் சொல்லே 1991-ல் அங்கே அகராதியில் ஏறிவிட்டது. ஐந்து விநாடி வசனத்தால் ஒரு மரியாதையான வேலை பிறந்தது.

பிரிட்டனில் ஜேட் குடி என்ற பெண் ரியாலிட்டி நிகழ்ச்சியால் பிரபலமானவர். கருப்பை வாய்ப் புற்றுநோயால் 2009 மார்ச்சில் இறந்தார், வயது 27. நோயைக் கேமராவிலிருந்து மறைக்கவில்லை. அந்த ஒரு வருடத்தில் இங்கிலாந்தில் வழக்கத்தைவிட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடுதலாகப் பரிசோதனைக்கு வந்தார்கள். நைஜீரியாவில் எய்ட்ஸ் பற்றிய ஒரு நாடகத் தொடரைக் குலுக்கல் முறையில் சில ஊர்களில் மட்டும் போட்டுக்காட்டி அளந்தார்கள். பார்த்தவர்கள் எட்டு மாதம் கழித்து எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது குலுக்கல் முறை என்பதால் பழையவாசகன் ஐயாவின் கேள்வி இதில் எழாது.

எங்களுக்குச் சிரமம் கொடுப்பதும் உண்டு. நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கிற காட்சி. 1996-ல் ஒரு மருத்துவ இதழில் எண்ணிப் போட்டிருந்தார்கள், மூன்று அமெரிக்க நிகழ்ச்சிகளின் 97 எபிசோடில் 60 தடவை அந்தச் சிகிச்சை, நான்கில் மூன்று பேர் பிழைத்துவிடுகிறார்கள். நிஜ வார்டு அதற்குப் பக்கத்தில்கூட வராது. தொண்ணூறு வயது உடம்பின்மேல் ஏறி அழுத்தினால் விலா எலும்பு உடைவது கையில் தெரியும். ஆனால் உறவினர்கள் கண்ணில் திரையில் பார்த்தது இருக்கும். ஒரு மகன் என் கையைப் பிடித்து, இன்னும் ரெண்டு நிமிஷம் சிஸ்டர், அவங்க எழுந்துடுவாங்க என்று சொன்னார். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

தாழ்வாரம்

பிள்ளைகள் விஷயத்தில் என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள். மகளுக்குப் பதினொன்று. எல்லாவற்றையும் மூடிவைக்க முடியவில்லை, போன் அவள் கையில் இருக்கிறது.

எண்ணும்எழுத்தும்

மூடிவைப்பது பயனற்றது என்று நினைக்காதீர்கள். டார்ட்மத் குழுவே அதையும் பார்த்தது. பெரியவர்களுக்கான படங்களைப் பெற்றோர் அனுமதிக்காத பிள்ளைகள் புகைக்கும் குடிக்கும் போவது குறைவாகவே இருந்தது. டிவியோ போனோ படுக்கையறைக்குள் போகாமல் ஹாலில் இருந்தால் பாதி வேலை முடிந்தது, இது என் வீட்டு அனுபவம்.

இரண்டாவது, படத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை. 1999-ல் பெக்மன், ஷி என்ற இரு ஆய்வாளர்கள் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குப் புகை வருகிற படத்தைக் காட்டினார்கள். சிலருக்கு மட்டும் படம் தொடங்குமுன் புகைக்கு எதிரான ஒரு விளம்பரம். அது இல்லாமல் பார்த்தவர்களுக்குப் புகைபிடிப்பவர்கள்மேல் மதிப்பு கூடியது, விளம்பரம் பார்த்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு அடிப்படை.

பழையவாசகன்

இந்தியாவில் அதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள் அல்லவா. 2012 அக்டோபரிலிருந்து தொடக்கத்திலும் நடுவிலும் 30 விநாடிப் படம், காட்சி ஓடும்போது கீழே எச்சரிக்கை வாசகம். 2023 செப்டம்பரிலிருந்து ஓடிடிக்கும் சேர்த்து. அந்தக் கீழ் வாசகத்தை யார் படிக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. வாசற்படிக் காட்சியிலும் அது இருந்திருக்குமே?

கடைசிப்பெட்டி

இருந்தது ஐயா. எழுத உட்கார்ந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் நான் பார்த்தது அவன் முகத்தை மட்டும்.

வெட்டுமேசை

எழுத்தைக் கண் தாண்டிவிடும், முகம் இருக்கும்போது எழுத்து தோற்கும். முன்னால் போடுகிற படம் வேலை செய்யும், கூட ஓடுகிற வாசகம் அவ்வளவு செய்யாது என்பது என் தொழில் அனுபவம்.

தடை வேண்டாம் என்பவன் நான். கலிபோர்னியாவில் ஸ்டான்டன் கிளான்ட்ஸ் என்ற பேராசிரியர் 2001-லிருந்து நடத்திய இயக்கமும் தடை கேட்கவில்லை. புகை வருகிற படத்துக்கு வயது வந்தோர் சான்றிதழ் கொடுங்கள் என்றுதான் கேட்டது. அதிலும் புகைபிடித்த உண்மையான வரலாற்று மனிதரைக் காட்டினால் விலக்கு, புகையின் கேட்டை உள்ளபடி காட்டினாலும் விலக்கு. இரண்டாவது விலக்கைத்தான் நான் பல நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளபடி காட்ட எங்களிடம் எல்லாம் இருக்கிறது, ரஷ்ஷில் கிடக்கிறது.

இப்போது கையில் ஒரு படம் இருக்கிறது. கதாநாயகன் மாடியில் நின்று பிடிக்கிற ஒன்றரை நிமிடக் காட்சி. ஒன்பதாவது டேக்கில் வசனத்துக்கு நடுவே அவருக்கு இருமல் வந்து, தொண்டையைச் செருமிவிட்டு நிறுத்தாமல் தொடர்ந்தார். நடிப்பில் அதுதான் நல்ல டேக். நேற்று இயக்குநரை உட்காரவைத்து அதைப் போட்டுக்காட்டினேன், இருமலோடு. மூன்று தடவை பார்த்தார். டப்பிங்கில் எடுத்துவிடலாம் என்றார். எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் முடிவு சொல்லவில்லை.

இரவுப்பணி

கடைசிப்பெட்டித் தம்பி, மீதி எபிசோட் பார்த்தீர்களா? பார்ப்பதானால் தனியாகப் பார்க்காதீர்கள், கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். ஆசை வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் இறங்கிவிடும். இறங்கும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டிருங்கள்.

கடைசிப்பெட்டி

நேற்றுப் பார்த்தோம் அக்கா. மனைவி ஒரு ரப்பர் பந்தைக் கையில் திணித்துவிட்டு உட்கார்ந்தாள். ஐந்தாவது எபிசோடில் அதே வாசற்படி, அதே தீக்குச்சி. கை பந்தை அழுத்தியது. நான் எடிட்டர் நண்பரை நினைத்துக்கொண்டேன், எத்தனையாவது டேக் இது, இதற்கு முந்தினதில் இந்த ஆள் எப்படி இருமியிருப்பான் என்று. சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிடம். மனைவியிடம், ஆசை வந்தது, போய்விட்டது என்று சொன்னேன். இந்த ஒன்பது மாதத்தில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வெட்டுமேசை நண்பரே, இயக்குநர் என்ன சொன்னார் என்று இங்கே வந்து எழுதுங்கள். காத்திருக்கிறேன்.